சின்ன இன்ஜினா, பெரிய இன்ஜினா? கார் வாங்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் எங்கள் தெருவில் யாராவது கார் வாங்கப் போனால், ஷோரூமுக்குப் போகும் வழியில் ஒரு தடவை என் வீட்டு வாசலில் நின்றுவிட்டுத்தான் போவார்கள். நான் மெக்கானிக் இல்லை. இருபது வருடமாக விதவிதமான கார்களை ஓட்டி, நான்கை வாங்கி, அதில் ஒன்றை ஏன் வாங்கினோம் என்று நொந்துகொண்டவன், அவ்வளவுதான். அவர்கள் கேட்பது நிறத்தைப் பற்றியோ கம்பெனியைப் பற்றியோ அல்ல. "ஒரே வண்டியில ரெண்டு இன்ஜின் வருதே, எதை எடுக்கறது?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. வாசலில் நின்றபடி சொன்ன பதில்கள்தான் கீழே இருப்பவை. வரிக் கணக்கு இந்தியா முழுமைக்கும்; ஆயுள் வரி, அதாவது ரோடு டாக்ஸ், தமிழ்நாட்டுக்கு மட்டும்.

கேள்வி: சிசி என்றால் என்ன? எத்தனை சிசிக்கு மேல் போனால் பெரிய இன்ஜின்?

இன்ஜினுக்குள் இருக்கும் பிஸ்டன்கள் ஒரு முறை ஏறி இறங்கும்போது எல்லாமாகச் சேர்ந்து எவ்வளவு காற்றை உள்ளே இழுக்க முடியும் என்பதன் அளவு அது. 998 சிசி என்றால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். காற்று அதிகம் போனால் அதற்கேற்ப பெட்ரோலும் அதிகம் எரியும், இழுவையும் கூடும். டர்போ, அதாவது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி, வரும்வரை கணக்கு இவ்வளவுதான்.

எது பெரியது என்பதை வண்டிதான் சொல்ல வேண்டும். வேகன் ஆருக்கு 1.2 லிட்டர் பெரிய இன்ஜின். அதே 1.2 லிட்டர், டர்போ இல்லாமல், வென்யூ மாதிரிக் கனமான வண்டியில் உட்கார்ந்தால் அது சின்ன இன்ஜின். பழைய ஆட்களுக்கு ஒரு விஷயம். அம்பாசடரில் இருந்தது 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின். அது கொடுத்த சக்தி 50 குதிரைத்திறனை ஒட்டித்தான். இன்றைய வேகன் ஆரின் 998 சிசி இன்ஜின் 67 கொடுக்கிறது. அதனால் "எங்க அப்பா வண்டியே 1500 சிசி, இது வெறும் ஆயிரம்தானே" என்று யாராவது ஆரம்பித்தால் நான் டீ கொண்டுவர உள்ளே போய்விடுவேன்.

கேள்வி: எல்லாக் கம்பெனி இன்ஜினும் 998, 1197, 1497 என்றே இருக்கிறதே, ஏன்?

பெரும்பாலும் வரிக்காகவும் இன்சூரன்ஸுக்காகவும்தான். 2006 மத்திய பட்ஜெட்டில் 'சிறிய கார்' என்று ஒரு வகையைப் பிரித்து, அதற்கு மட்டும் உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். நிபந்தனை: நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசியையும் டீசல் இன்ஜின் 1500 சிசியையும் தாண்டக் கூடாது. பின்பக்கம் கத்தியால் வெட்டியது மாதிரி டிக்கி குட்டையாகிப்போன செடான்கள் நம் ஊர்ச் சாலையில் ஓட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதும் அந்தக் கோடு அப்படியே இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டுக்கு மதிப்பு இன்னும் ஏறிவிட்டது. கோட்டுக்குள் இருக்கும் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40 சதவீதம். பிரெஸ்ஸாவைப் பாருங்கள். நீளம் 3,995 மில்லிமீட்டர், 4 மீட்டருக்குள்தான். ஆனால் பெட்ரோல் இன்ஜின் 1,462 சிசி, ஆகவே 40 சதவீதம். அதே நீளமுள்ள வென்யூவில் 1.2 பெட்ரோல், 1.0 டர்போ, 1.5 டீசல் மூன்றுமே கோட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி விலையை ஒப்பிடும்போது, நீங்கள் கொடுக்கும் காசில் எவ்வளவு வண்டிக்குப் போகிறது, எவ்வளவு அரசாங்கத்துக்குப் போகிறது என்பதையும் பாருங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு அரசாங்கமே சிசி பார்த்துத்தான் கட்டணம் வைத்திருக்கிறது. 2022 ஜூன் 1-ல் வந்த கட்டணப்படி 1000 சிசி வரை வருடத்துக்கு 2,094 ரூபாய். 1000-க்கு மேல் 1500 வரை 3,416. 1500-ஐத் தாண்டினால் 7,897. வரி தனி. 998 எங்கிருந்து வந்தது, 1497 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

தமிழ்நாட்டு ஆயுள் வரி சிசியைப் பார்ப்பதில்லை, விலையைப் பார்க்கிறது. 2023 நவம்பரிலிருந்து 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இங்கேதான் ஒரு குழி இருக்கிறது. சின்ன இன்ஜின் வேரியன்ட் 9 லட்சத்து 90 ஆயிரம், பெரிய இன்ஜின் 10 லட்சத்து 20 ஆயிரம் என்று வையுங்கள். பார்வைக்கு வித்தியாசம் 30 ஆயிரம். முதல் வண்டிக்கு ஆயுள் வரி 1,28,700, இரண்டாவதற்கு 1,83,600. ஆக உண்மையான வித்தியாசம் 85 ஆயிரத்துக்குப் பக்கம். போதாததற்கு 10 லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டிசிஎஸ் என்று ஷோரூமிலேயே பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் கையிலிருந்து போக வேண்டும். எக்ஸ்-ஷோரூம் விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு இன்ஜினைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டு வேரியன்ட்டுக்கும் ஆன்ரோடு விலையை, அதாவது ஆயுள் வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த விலையை, தனித்தனித் தாளில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: பெரிய இன்ஜின் பெட்ரோல் குடிக்குமே?

குடிக்கும். எவ்வளவு என்பதுதான் விஷயம். வேகன் ஆரையே எடுத்துக்கொள்வோம், ஒரே உடம்புக்குள் இரண்டு இன்ஜினும் வருகிற நல்ல உதாரணம் அது. கம்பெனி சொல்லும் மைலேஜ், சாதா கியரில், 1.0-க்கு 24.35 கிலோமீட்டர், 1.2-க்கு 23.56. வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் முதலாவதுக்கு 411 லிட்டர், இரண்டாவதுக்கு 424. லிட்டர் 100 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,400 ரூபாய்கூட வித்தியாசம் வரவில்லை. அந்த 1,400 ரூபாய்க்கு 67 குதிரைத்திறனுக்குப் பதில் 90 கிடைக்கிறது.

கம்பெனிக் கணக்கை நம்பலாமா என்றால், நம்பக் கூடாது. அந்தச் சோதனையை உருளைகளின் மேல் நிறுத்தி, ஏசி போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் எடுக்கிறார்கள். நம் கையில் இரண்டு இன்ஜினுமே அதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கும். டவுனுக்குள் ஊர்ந்து போகும்போது சின்ன இன்ஜின் ஜெயிக்கும், வித்தியாசம் கம்பெனி சொல்வதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். சிக்னலில் சும்மா நின்று எரிக்கும்போதும் சின்னது குறைவாகவே எரிக்கும்.

கதை மாறுவது ஹைவேயில். ஐந்து பேர், டிக்கி நிறையப் பை, ஏசி, தொப்பூர் ஏற்றம். சின்ன இன்ஜினில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்து, ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று என்று கியரை இறக்கி, நாலாயிரம் ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) மேல் அலற விட வேண்டியிருக்கும். அந்த நிலையில் இன்ஜின் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிக்கொள்ளும். பெரிய இன்ஜின் நான்காவது கியரில் பாதி மிதியில் ஏறிப்போய்விடும். ஊர் போய்ச் சேர்ந்து டேங்க் டு டேங்க் கணக்குப் பார்த்தால் இரண்டும் சமமாக வந்ததும் உண்டு, சின்னது தோற்றதும் உண்டு.

இன்னொன்று. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆகவே மைலேஜ் கொஞ்சம் அடிபடும். அது எல்லா இன்ஜினுக்கும் பொது. "பெரிய இன்ஜின் எடுத்தேன், மைலேஜே வரலை" என்று புலம்புகிறவர்களில் பலர் திட்ட வேண்டியது இன்ஜினை அல்ல.

கேள்வி: நான் ஒருத்தன், வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு. வருடத்துக்கு இரண்டு தடவை சொந்த ஊர்.

1.0 எடுங்கள். மிச்சக் காசில் நல்ல டயர் போடுங்கள்.

கேள்வி: 1.2 லிட்டரைவிட 1.0 டர்போ விலை அதிகம் என்கிறார்கள். சின்ன இன்ஜினுக்கு ஏன் அதிகக் காசு?

வாசலில் நின்று சொல்ல இதுதான் கஷ்டம், ஏனென்றால் கேட்கிறவர்கள் சிசியை மட்டும் பார்த்துப் பழகியவர்கள். வென்யூவின் 1.2 பெட்ரோல் தருவது 83 குதிரைத்திறன், 114 நியூட்டன் மீட்டர் இழுவை. அதே வண்டியின் 1.0 டர்போ தருவது 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர். 998 சிசி, 1,197 சிசியைத் தூக்கிச் சாப்பிடுகிறது.

வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழல்கிறது. அது இன்னொரு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. ஒரு லிட்டர் இடத்தில் ஒன்றரை லிட்டர் காற்றைத் திணிப்பது மாதிரி. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள், சீட் எண்ணிக்கை அதேதான்.

குதிரைத்திறனைவிட முக்கியம், இழுவை எந்த வேகத்தில் கிடைக்கிறது என்பது. அந்த 1.2 இன்ஜினின் முழு இழுவை 4,000 ஆர்பிஎம்மில்தான் வரும். டர்போவில் 1,500-லேயே வந்து 4,000 வரைக்கும் அப்படியே நிற்கும். நாம் அன்றாடம் ஓட்டுவது 1,500-க்கும் 3,000-க்கும் நடுவில். டர்போ வண்டியை ஓட்டிவிட்டு இறங்குகிறவர் "வண்டி ஜம்முனு இழுக்குது" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

குறையும் இருக்கிறது. 1,500-க்குக் கீழே டர்போ தூங்கும். டவுன் நெரிசலில், இரண்டாவது கியரில் நடை வேகத்தில் போகும்போது மிதித்தால், "என்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பும். பிறகு திடீரென்று பாயும். கற்றுக்கொள்கிற கைக்கு இது கொஞ்சம் தொல்லை. மைலேஜும் உங்கள் காலைப் பொறுத்தது. மெதுவாக மிதித்தால் ஒரு லிட்டர் இன்ஜின், அழுத்தி மிதித்தால் ஒன்றரை லிட்டர் இன்ஜின், செலவும் அதே மாதிரி.

கேள்வி: டர்போ சீக்கிரம் போய்விடும் என்கிறார் எங்கள் மெக்கானிக்.

அவர் பார்த்த வண்டிகள் அப்படிப் பராமரிக்கப்பட்டிருக்கும். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக் கூடியது. சுற்றுவது ஆயில் படலத்தின் மேல். கம்பெனி சொன்ன தரத்தில், சொன்ன தேதியில் ஆயில் மாற்றினால் அது பாட்டுக்கு ஓடும். 'இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம், ஆயில் நல்லாத்தான் இருக்கு' என்கிற வீடு என்றால் டர்போ வேண்டாம், சத்தியமாகச் சொல்கிறேன். ஹைவேயில் விரட்டி வந்து நிறுத்தினால், இன்ஜினை உடனே அணைக்காமல் அரை நிமிடம், ஒரு நிமிடம் சும்மா ஓட விட்டு அணையுங்கள். பைகளை இறக்கும் நேரம் போதும்.

பத்து வருடம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் உண்மை. டர்போ இல்லாத இன்ஜினில் கெட்டுப்போக உதிரிகள் குறைவு, எந்த ஊர் ஒர்க்ஷாப்பிலும் பிரிப்பார்கள். மனநிம்மதி முதலில் என்றால் அதுவும் ஒரு காரணம்தான்.

கேள்வி: மலைக்கு அடிக்கடி போவோம். சின்ன இன்ஜின் ஏறுமா?

ஏறும். எப்படி ஏறும் என்பதை என் கதையாகவே சொல்கிறேன்.

நான் முதலில் வாங்கியது ஒரு 800 சிசி கார். மைலேஜ் ஒன்றே குறி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். நான், மனைவி, மாமனார், மாமியார், மடியில் பையன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவில் ஏசியை அணைத்தேன். ஏழாவதில் மேலிருந்து பஸ் இறங்கியது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை வழக்கம். பஸ்ஸுக்கு அன்று அது ஞாபகம் இல்லை. வளைவின் உள்பக்கத்தில், சரிவு உச்சமாக இருக்கிற இடத்தில் நின்றுவிட்டேன். முதல் கியர் போட்டு ஹேண்ட்பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் போகிறது. மிதித்தால் அலறுகிறது, நகரவில்லை. மூன்றாவது முயற்சியில் கிளட்ச் கருகும் வாசம். மாமனார் ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்து இறங்கினார். "மாப்ள, நீங்க ஏத்துங்க, நான் நடந்து வந்துடறேன்." எண்பது கிலோ இறங்கியதும் வண்டி ஏறியது. அடுத்த வளைவில் அவருக்காகக் காத்திருந்தபோது, பெட்ரோலில் நான் மிச்சம் பிடித்த காசையெல்லாம் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன்.

அன்று எனக்குத் தெரியாத இன்னொரு கணக்கு இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலியும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு சதவீதச் சக்தியை இழக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். ஊட்டியில் உங்கள் 67 குதிரையில் 52, 53 குதிரைதான் உயிரோடு இருக்கும். 90 குதிரைக்காரருக்கு 70 மிஞ்சும். டர்போ மெலிந்த காற்றையும் அமுக்கித் தள்ளிவிடுவதால் இந்த இழப்பைப் பெருமளவு சரிக்கட்டும். வால்பாறை, கொடைக்கானல், ஊட்டி என்று மாதம் ஒரு தடவை போகிறவர்களுக்கு டர்போவை நான் சொல்வது அதனால்தான்.

இறங்கும்போதும் கவனிக்க வேண்டியது உண்டு. கியரில் வைத்து இன்ஜினாலேயே வேகத்தைப் பிடிப்போமே, அந்தப் பிடிப்பு சின்ன இன்ஜினில் குறைவு. ஏறின கியரைவிட ஒரு கியர் குறைத்தே இறங்குங்கள்.

கேள்வி: நான் 80-க்கு மேல் ஓட்டவே மாட்டேன். எனக்கெதற்குப் பெரிய இன்ஜின்?

வேகமாக ஓட்டுகிறவர்களுக்குத்தான் பெரிய இன்ஜின் என்று பலரும் நினைக்கிறார்கள். நான்கு வழிச் சாலையில் மட்டுமே போகிறவர் என்றால் நீங்கள் சொல்வது சரி, சின்னதே போதும். ஆனால் உங்கள் ஊருக்குப் போகிற பாதை இருவழிச் சாலையா? முன்னால் 50-ல் ஒரு பஸ் போகிறது. தாண்ட வேண்டுமானால் 50-லிருந்து 80-க்கு வர வேண்டும். வலது பக்கம் நீங்கள் இருக்கும் நேரம் இரண்டு விநாடி குறைந்தால் என்ன லாபம் என்று பாருங்கள். எதிரில் வருகிறவரும் 80, நீங்களும் 80. இரண்டு விநாடியில் உங்கள் இருவருக்கும் நடுவே உள்ள தூரம் சுமார் 90 மீட்டர் சுருங்கிவிடும். அந்த 90 மீட்டர் கையில் இருப்பதற்குத்தான் கூடுதல் இன்ஜின்.

சின்ன இன்ஜின்காரர்கள் இதை வேறு விதமாகச் சமாளிக்கலாம். கியரை முதலிலேயே மூன்றுக்கு இறக்கிவிட்டு வெளியே வருவது, ஏசியை ஒரு நிமிடம் அணைப்பது, முடியாது என்றால் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவது. கடைசியாகச் சொன்னதுதான் சிறந்தது, ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும்.

கேள்வி: ஏசி போட்டால் உண்மையிலேயே இழுவை குறையுமா, மனப்பிரமையா?

உண்மைதான். கம்ப்ரசரைச் சுற்றுவது அதே இன்ஜின்தான், அது சில குதிரைகளைத் தின்னும். 67-ல் நான்கு போனால் தெரியும், 120-ல் நான்கு போனால் தெரியாது. மே மாதம் வேலூரில் ஏசி போடாமல் ஓட்ட முடியாது என்பதால், நம் ஊரில் இன்ஜினின் சக்தியை எப்போதும் ஏசியோடு சேர்த்தே எண்ணுங்கள்.

கேள்வி: மூன்று சிலிண்டர் இன்ஜின் ஆடும் என்கிறார்களே?

நின்றிருக்கும்போது ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் ஒரு மெல்லிய நடுக்கம் தெரியும். கிளம்பிய பிறகு பெரும்பாலும் தெரியாது. வேகன் ஆரில் 1.0 மூன்று சிலிண்டர், 1.2 நான்கு. ஆனால் 2024-ல் வந்த ஸ்விஃப்டின் 1.2 மூன்று சிலிண்டர்தான். அதனால் சிசியைப் பார்த்து ஊகிக்காமல் நேரில் உட்கார்ந்து பாருங்கள். இது உடம்புக்கு உடம்பு மாறும் விஷயம்.

கேள்வி: ஒரே பட்ஜெட்டில், பெரிய வண்டி சின்ன இன்ஜினோடு வருகிறது, சின்ன வண்டி நல்ல இன்ஜினோடு வருகிறது. எது?

சின்ன வண்டி. யோசிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. ஆளுயர எஸ்யூவி உடம்புக்குள் டர்போ இல்லாத 1.2-ஐப் போட்டு, அடி விலையைக் குறைத்துக் காட்டி விற்பது இப்போதைய வழக்கம். காலியாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. 1,100 கிலோ வண்டியில் ஐந்து பேரும் சாமானும் சேர்ந்து 400 கிலோ ஏறினால், 83 குதிரைத்திறன் 1,500 கிலோவை இழுக்க வேண்டும். டன்னுக்கு 55 குதிரை. 90 குதிரையுள்ள வேகன் ஆர் அதே ஆட்களோடு 1,250 கிலோ வந்தால் டன்னுக்கு 72. தெருவில் கம்பீரமாக நிற்பது எது என்றால் எஸ்யூவிதான். ஏற்றத்தில் யார் முன்னால் போவார் என்று கேட்டால் வேறு பதில்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது, இன்ஜினுக்குக் கொடுக்க யோசிக்கும் 60 ஆயிரத்தை சன்ரூஃபுக்குக் கொடுக்கும்போது. ஸ்பீக்கர், ஸ்கிரீன், அலாய் வீல், சீட் கவர் எல்லாவற்றையும் பிறகு வெளியே மாட்டிக்கொள்ளலாம். இன்ஜினை மாட்ட முடியாது. கீழ் வேரியன்ட்டில் பெரிய இன்ஜின் கிடைத்தால் அதை எடுங்கள். பல கம்பெனிகள் நல்ல இன்ஜினை மேல் வேரியன்ட்டில் மட்டும் வைத்துப் பூட்டி விற்கின்றன, அது அவர்கள் சாமர்த்தியம்.

கேள்வி: டெஸ்ட் டிரைவில் என்ன பார்க்க வேண்டும்?

ஷோரூம்காரர் உங்களைத் தனியாக உட்கார வைத்து, ஏசியை ஒன்றில் வைத்து, பைபாஸில் நேர்க்கோட்டில் ஒரு கிலோமீட்டர் கூட்டிப்போவார். அதில் எந்த இன்ஜினும் நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான்கு பேர் ஏறுங்கள், ஏசியை முழுதாக வையுங்கள். முதல் சோதனை ஸ்பீட் பிரேக்கர். இரண்டாவது கியரில் ஏறி இறங்கியதும், கிளட்சைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை மட்டும் மிதியுங்கள். வண்டி முனகிக்கொண்டு நடுங்கினால், முதல் கியருக்குப் போகச் சொன்னால், டவுனில் தினமும் ஐம்பது தடவை இதே வேலைதான் உங்கள் இடது காலுக்கு. நான் நம்புகிற ஒரே சோதனை இது.

அடுத்தது மேம்பாலம். ஏற்றத்தின் நடுவில், மூன்றாவது கியரில், 30-ல் பிடித்துக்கொண்டு மெதுவாக மிதியுங்கள். வேகம் கூடுகிறதா, வெறும் சத்தம் கூடுகிறதா? பின் சீட்டில் இருப்பவர்களையும் கேளுங்கள், இன்ஜின் அலறுவது அவர்களுக்கும் கேட்கும்.

இரண்டு இன்ஜினையும் ஒரே நாளில், ஒரே பாதையில் ஓட்ட வேண்டும். "அந்த இன்ஜின் டெமோ வண்டி இல்லை சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொன்னால், பக்கத்து ஊர் ஷோரூமுக்குப் போங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் எடுத்தால்?

ஏஎம்டி என்கிற மலிவான ஆட்டோமேட்டிக்கில் கியர் மாறும் இடைவெளியில் வண்டி ஒரு நொடி சொக்கிப்போகும். இன்ஜினும் சின்னது என்றால் அந்தச் சொக்கல் இரட்டிப்பாகத் தெரியும். ஏஎம்டியோடு 1.2 எடுப்பது நல்லது. ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள். உள்ளே இருப்பது சாதா கிளட்ச்தான், கருகும். பிரேக்கை மிதியுங்கள்.

கேள்வி: சிஎன்ஜி?

சிஎன்ஜியில் ஓடும்போது சக்தி ஒரு படி இறங்கும். வேகன் ஆர் 1.0-ல் 67 குதிரை 57 ஆகிறது. டிக்கியில் சிலிண்டர் எடை வேறு. தினமும் நெடுந்தூரம், சமதளம், தனி ஆள் என்றால் சரி. வேறு கேள்வி இல்லை.

கேள்வி: டீசல் இன்னும் வாங்கலாமா?

இழுவைதான் வேண்டும் என்றால் டீசலை அடித்துக்கொள்ள ஆளில்லை. வென்யூவின் 1.5 டீசல் 250 நியூட்டன் மீட்டர் தருகிறது, அதுவும் 1,500 ஆர்பிஎம்மிலிருந்தே. ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வண்டி சூடேறி, நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓட்டினால் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும், பிறகு ஒர்க்ஷாப். வாரம் ஒரு தடவையாவது ஹைவேயில் நீளமாகப் போகிறவர்களுக்கு மட்டும் டீசல்.

கேள்வி: 1.0 புக் பண்ணிட்டேன். இதைப் படித்தபிறகு வயிற்றைக் கலக்குகிறது. கேன்சல் பண்ணவா?

ஸ்பீட் பிரேக்கர் சோதனையை மட்டும் குடும்பத்தோடு ஒரு தடவை செய்து பாருங்கள். அதில் தேறினால் அப்படியே விடுங்கள். என் தங்கை வீட்டுக்காரர் வேகன் ஆர் 1.0 வைத்திருக்கிறார். நாமக்கல் பக்கம் கொல்லிமலைக்கு, 70 கொண்டை ஊசி வளைவு, மூன்று பேராக ஏறினார்கள். ஏற்றம் வருவதற்கு முன்பே கியரை இறக்குவார், வளைவில் ஏசியை அணைப்பார், யாரையும் முந்தமாட்டார். எப்படி இருந்தது என்று கேட்டேன். வண்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. ஐம்பதாவது வளைவில் பையன் பின் சீட்டில் வாந்தி எடுத்ததைத்தான் அரை மணி நேரம் சொன்னார்.